நாகர்கோவில் எப்படிக் கன்னியாகுமரி ஆனது? ஒரு மக்களவைத் தொகுதியின் வரலாற்றைப் படிக்கும் முறை

2004 மக்களவைத் தேர்தலில், கன்னியாகுமரி பகவதியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஒருவர் எந்தத் தொகுதிக்கு வாக்களித்திருப்பார்? நாகர்கோவில் என்றுதான் சொல்லத் தோன்றும். மாவட்டத் தலைநகர் அது. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஆனால் விடை திருச்செந்தூர். அன்றைய எல்லைப்படி கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த நாங்குநேரி, ராதாபுரம் ஆகியவற்றோடு சேர்ந்து திருச்செந்தூர் மக்களவைத் தொகுதிக்குள் இருந்தது. 2009-இல்தான் அந்த ஊர் மக்கள் தங்கள் மாவட்டத்தின் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க வரிசையில் நின்றார்கள்.

ஒரு தொகுதியின் தேர்தல் வரலாறு என்று நாம் பொதுவாகப் பார்ப்பது மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு பட்டியல்: ஆண்டு, வென்றவர், கட்சி. பொது அறிவுத் தேர்வுக்கு அது போதும். அந்த மண்ணில் என்ன நடந்தது என்று அறிய விரும்புகிறவருக்கு அது போதவே போதாது. வென்றவரின் பெயரை விட, எல்லை எங்கே போடப்பட்டது, யார் யாரோடு கூட்டு வைத்தார்கள், தோற்றவர் எத்தனை வாக்கு வாங்கினார் என்பவை அதிகம் பேசும். புதிதாக இந்தத் துறைக்குள் வருபவர்களுக்கு அதைக் காட்ட நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு நாகர்கோவில், அதாவது இன்றைய கன்னியாகுமரி தொகுதி. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் இதைப் போல ஆழம் உள்ளவை குறைவு என்பது என் எண்ணம்.

முதலில் வரைபடம்

தொகுதி என்பது நிலத்தின் மேல் போட்ட ஒரு கோடு. அந்தக் கோட்டைப் போடுவது தொகுதி மறுவரையறை ஆணையம். மக்கள்தொகைக் கணக்கை வைத்து எல்லைகளை அது திருத்தும். அதன் ஆணையை நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காடுவது மிகக் கடினம். கடைசியாக, 2001 கணக்கெடுப்பின் அடிப்படையில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் வரைந்த எல்லைகள் 2008-இல் நடைமுறைக்கு வந்தன.

குமரி மாவட்டத்தில் அதற்கு முன் ஏழு சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன. அவற்றில் நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டாறு, விளவங்கோடு, கிள்ளியூர் ஆகிய ஆறும் நாகர்கோவில் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கின. ஏழாவதான கன்னியாகுமரி மட்டும் வெளியே இருந்தது. மறுவரையறையில் திருவட்டாறு என்ற தொகுதி மறைந்தது, கன்னியாகுமரி உள்ளே வந்தது, மாவட்டமும் மக்களவைத் தொகுதியும் ஒன்றாயின. பெயரும் மாறியது.

இதனால் என்ன என்று கேட்கலாம். 2004-இன் வாக்கு எண்ணிக்கையையும் 2009-இன் எண்ணிக்கையையும் அருகருகே வைத்து "இந்தக் கட்சி வளர்ந்தது, அது தேய்ந்தது" என்று எழுதுகிறவர்கள், வெவ்வேறு வாக்காளர் கூட்டங்களை ஒப்பிடுகிறார்கள். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து ஊர்கள் பலவும் முதல் கணக்கில் இல்லை, இரண்டாம் கணக்கில் இருக்கின்றன. வரைபடத்தைப் பார்க்காமல் எண்ணைப் பார்ப்பது, படி மாறியதை அறியாமல் நெல் அளப்பது போல.

இன்னும் பின்னோக்கிப் போனால் மாநிலமே மாறுகிறது. 1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் நாகர்கோவில் சென்னை மாநிலத்தில் இல்லை. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் தொகுதி அது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ் மண்ணோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி.

கட்சி என்ற கட்டம் ஏன் ஏமாற்றும்

அந்த முதல் தேர்தலில் வென்றவர் ஏ. நேசமணி. நாகர்கோவில் வழக்கறிஞர், மக்கள் 'மார்ஷல்' என்று அழைத்தவர். அவர் நின்றது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற கட்சியின் பெயரில். பெயரில் காங்கிரஸ் இருக்கிறதே என்று அவரை அகில இந்தியக் காங்கிரஸ் கணக்கில் எழுதிவிட்டால், கதையின் உயிரே போய்விடும். தமிழ் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று, அங்கு ஆண்ட காங்கிரஸை எதிர்த்து நின்ற கட்சி அது. 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிர் கொடுத்தவர்கள் அந்த இயக்கத்தின் மக்கள். முதல் எம்.பி.யின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த நீளமான கட்சிப் பெயரில் இவ்வளவும் இருக்கிறது.

இணைப்புக்குப் பிறகு 1957-இல் தாணுலிங்க நாடார் காங்கிரஸ் சார்பில் வென்றார். 1962-இலும் 1967-இலும் மீண்டும் நேசமணி, இம்முறை காங்கிரஸ்காரராக. 1967 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாநிலமெங்கும் திமுக அலை. 39 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று. அவற்றில் ஒன்று நாகர்கோவில்.

அதே 1967-இல் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் காமராஜர் 1,285 வாக்குகளில் தோற்றார். அடுத்த ஆண்டு நேசமணி மறைந்தார். காலியான இடத்துக்கு 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் நாகர்கோவில் மக்கள் காமராஜரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் டெல்லிக்கு அனுப்பினார்கள். இடைத்தேர்தல் என்பது பட்டியல்களில் பெரும்பாலும் அடிக்குறிப்பாக ஒதுங்கிவிடும். சில பட்டியல்களில் இருக்கவே இருக்காது. 1967-க்குப் பிறகு நேராக 1971-க்குத் தாவிவிடும். அப்படித் தாவினால், சொந்த ஊரில் தோற்ற ஒரு பெருந்தலைவரை வேறு ஓர் ஊர் கைதூக்கிவிட்ட நிகழ்ச்சி காணாமல் போகும். இந்தத் தொகுதியின் வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொடும் வரி அதுதான்.

அதே ஆண்டின் இறுதியில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. 1971-இல் காமராஜர் அதே தொகுதியில் மறுபடி நின்று வென்றார், ஆனால் இப்போது அவர் இந்திராவை எதிர்த்த பிரிவான ஸ்தாபன காங்கிரஸ். திமுகவும் இந்திரா காங்கிரஸும் கைகோத்து மாநிலத்தையே வாரிக்கொண்ட அந்தத் தேர்தலில், ஸ்தாபன காங்கிரஸுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த ஒரே மக்களவை இடம் நாகர்கோவில். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி அவர் மறையும் வரை இந்தத் தொகுதியின் எம்.பி.யாகவே இருந்தார்.

1977-இல் வென்ற குமரி அனந்தன், காமராஜர் விட்டுச்சென்ற அதே மரபைச் சேர்ந்தவர். மக்களவையில் தமிழில் கேள்வி கேட்கும் உரிமைக்காகப் போராடியவர் என்று இன்றும் அவரை நினைவுகூர்கிறோம். அவருடைய கட்சி என்ன? சில பட்டியல்களில் ஸ்தாபன காங்கிரஸ் என்றும் சிலவற்றில் ஜனதா என்றும் இருக்கும். அந்தத் தேர்தல் நேரத்தில் அந்தக் கட்சிகள் ஒன்றாகிக்கொண்டிருந்ததால் வந்த குழப்பம் அது. இப்படி இரண்டு பட்டியல்கள் முரண்படும் இடத்தைக் கண்டால் எரிச்சல் வேண்டாம். பெரும்பாலும் ஒரு கட்சி பிறந்துகொண்டோ உடைந்துகொண்டோ இருந்த தருணமாக அது இருக்கும்.

ஆறு முறை ஒரே பெயர்

1980 முதல் 1998 வரை பட்டியல் சலிப்பூட்டும்: என். டென்னிஸ், டென்னிஸ், டென்னிஸ். 1980, 1984, 1989, 1991, 1996, 1998 என்று ஆறு வெற்றிகள். மேலோட்டமாகப் பார்த்தால் எதுவுமே மாறவில்லை. ஆனால் பக்கத்தில் கூட்டணி என்று ஒரு கட்டம் போட்டுப் பாருங்கள். 1980-இல் இந்திரா காங்கிரஸோடு திமுக. 1984, 1989, 1991-இல் காங்கிரஸோடு அதிமுக. 1996-இல் அதிமுகவோடு காங்கிரஸ் கூட்டு வைத்ததை எதிர்த்து மூப்பனார் வெளியேறி தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கினார். டென்னிஸ் அவரோடு போனார், சைக்கிள் சின்னத்தில் நின்றார், துணைக்குத் திமுக. 1998-இலும் அப்படியே. திராவிடக் கட்சிகள் இடம் மாறி மாறி நின்றன, கைச்சின்னம் சைக்கிளாக மாறியது, வென்றவர் மாறவில்லை. 1998-இல் அதிமுக–பாஜக அணி மாநிலத்தில் 30 இடங்களை அள்ளியபோதும் நாகர்கோவில் எதிர்ப்பக்கம் நின்றது.

இந்த இடத்தில் ஒரு பொதுவான செய்தி. நாகர்கோவில் அல்லது கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் அதிமுக இதுவரை வென்றதே இல்லை. திமுக வென்றது ஒரே ஒரு முறை, 2009-இல், ஜெ. ஹெலன் டேவிட்சன் மூலம். 1967 முதல் திராவிடக் கட்சிகள் ஆளும் மாநிலத்தின் தென்கோடியில், போட்டி பெரும்பாலும் தேசியக் கட்சிகளுக்கு இடையில்தான். திருவிதாங்கூர் ஆட்சியின் கீழ் வளர்ந்த தனி அரசியல் மரபு இதற்கு முக்கியக் காரணம். நீதிக்கட்சியும் திராவிட இயக்கமும் வேர் விட்ட சென்னை மாகாணத்தில் இந்தத் தாலுகாக்கள் அப்போது இல்லை.

மதத்தைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் இந்துக்கள் நூற்றுக்கு 48.65, கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20. 1982-இல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த கலவரம் இங்குள்ள அரசியலில் ஆழமான தடம் பதித்தது. தமிழ்நாட்டில் பாஜகவின் முதல் சட்டமன்ற உறுப்பினர் 1996-இல் பத்மநாபபுரத்திலிருந்து வந்ததையும் அந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் எல்லாவற்றையும் இந்த ஒரே சாவியால் திறக்கப் பார்ப்பது தவறு. கிறிஸ்தவரான நேசமணியை அனுப்பிய அதே மக்கள், இந்துக்களான காமராஜரையும் குமரி அனந்தனையும் அனுப்பினார்கள்.

தோற்றவரின் வாக்கைப் படியுங்கள்

1999 முதல் 2024 வரை இடைத்தேர்தலையும் சேர்த்து ஏழு தேர்தல்களிலும் பாஜக வேட்பாளர் ஒருவரே: பொன். ராதாகிருஷ்ணன். 1999-இலும் 2014-இலும் வென்றார், மற்ற ஐந்து முறையும் இரண்டாம் இடம். ஒரே மனிதர் இத்தனை முறை நின்றது பாடம் படிப்பவர்களுக்குப் பெரிய வசதி. வேட்பாளர் மாறாததால், மற்றவை எப்படி மாறின என்பது தெளிவாகத் தெரியும்.

1999-இல் அவர் பக்கம் திமுக இருந்தது. 2004-இல் திமுக, காங்கிரஸ், இடதுசாரிகள் எல்லாம் ஒரே அணி. மார்க்சிஸ்ட் வேட்பாளர் ஏ.வி. பெல்லார்மின் 4,10,091 வாக்கு பெற்று, 2,45,797 பெற்ற அவரைத் தோற்கடித்தார். அந்தப் பெல்லார்மினைக் கொஞ்சம் பின்தொடர்வோம். 2009-இல் அவர் அதிமுக அணியில் நின்றார், கிடைத்தது 85,583. 2014-இல் இடதுசாரிகள் தனித்து நின்றார்கள், கிடைத்தது 35,284. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் டெபாசிட் போய்விடும் என்பது விதி, அதுவும் போனது. பத்தே ஆண்டுகளில் நான்கு லட்சம், 35 ஆயிரமானது. அந்த மனிதர் மாறவில்லை. 2004-இல் அவருக்கு விழுந்தவற்றில் பெரும்பகுதி கூட்டணியின் வாக்குகள். அதிமுகவின் துணை இருந்தும் 2009-இல் அவர் மூன்றாம் இடத்தில் நின்றது, இந்த மாவட்டத்தில் இரட்டை இலையின் பலம் எவ்வளவு என்பதையும் சொல்கிறது.

இனி 2014-க்கு வருவோம். என் பார்வையில் இந்தத் தொகுதி தரும் மிகச் சிறந்த கணக்குப் பாடம் இதுதான். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் 37 இடங்களை அதிமுக வென்றது. தப்பியவை தருமபுரியும் கன்னியாகுமரியும். இங்கே முடிவு இப்படி: பாஜக 3,72,906, காங்கிரஸின் எச். வசந்தகுமார் 2,44,244, அதிமுக 1,76,239, திமுக 1,17,933, மார்க்சிஸ்ட் 35,284. பாஜக வென்ற வித்தியாசம் 1,28,662. பெரிய வெற்றிதான். ஆனால் வென்றவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு 38 கூட இல்லை. யார் அதிகம் வாங்கினாரோ அவர் வென்றார் என்பதே நம் தேர்தல் முறை. பாதிக்கு மேல் வாங்க வேண்டியதில்லை. எதிரே இருந்தவர்கள் நான்கு துண்டுகளாகப் பிரிந்து நின்றார்கள்.

2019-இல் திமுக, காங்கிரஸ், இடதுசாரிகள் ஒரு பக்கம். பாஜகவும் அதிமுகவும் மறுபக்கம். 2014-இன் எண்களை வைத்துக் கூட்டினால் பாஜக–அதிமுக அணிக்கு 5,49,145 வர வேண்டும், எதிரணிக்கு 3,97,461. தாளில் பார்த்தால் பாஜகவுக்கு எளிதான வெற்றி. உண்மையில் நடந்தது என்ன? வசந்தகுமார் 6,27,235. பொன். ராதாகிருஷ்ணன் 3,67,302. வித்தியாசம் 2,59,933.

பாஜகவின் வாக்கை மட்டும் பாருங்கள்: 3,72,906 என்பது 3,67,302 ஆனது. ஐயாயிரத்துச் சொச்சம்தான் குறைவு. ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரத்தில் வென்றவர், ஏறத்தாழ அதே வாக்கை வாங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேல் தோற்றார். "பாஜகவின் செல்வாக்கு சரிந்தது" என்று அன்று படித்திருப்பீர்கள். எண் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கட்சிக்கு இருந்த வாக்கு அப்படியே இருந்தது; அதிமுக துணைக்கு வந்தும் ஏறவில்லை, எதிர்ப்பக்கம் ஒன்றாகத் திரண்டது.

ஏன் திரண்டது என்பதற்கு எண் பதில் சொல்லாது. ஊருக்குள் போக வேண்டும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் கடலுக்குப் போன மீனவர்களை விழுங்கியது. தேடும் பணி தாமதமானது என்று கடற்கரை ஊர்கள் கொதித்தன. அதற்கு முன்பே இனயம் சரக்குப் பெட்டக துறைமுகத் திட்டத்துக்கு எதிர்ப்பு இருந்தது. மறுபுறம் மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலங்கள் எழுந்திருந்தன, பாஜக அவற்றைச் சொல்லி வாக்குக் கேட்டது. இதில் எது எத்தனை வாக்கை நகர்த்தியது என்று துல்லியமாக யாராலும் பிரிக்க முடியாது. அதிமுகவின் ஒன்றே முக்கால் லட்சம் பேரும் அப்படியே காங்கிரஸுக்குப் போனார்கள் என்று சொல்வதும் அவசரம். ஐந்து ஆண்டில் புதிய வாக்காளர்கள் சேர்கிறார்கள், முன்பு வராதவர்கள் வருகிறார்கள். மொத்த எண்ணை வைத்துத் தனி மனிதரின் மனத்தைச் சொல்லிவிட முடியாது என்பது இந்தத் துறையில் நுழைகிறவர் முதல் நாளே பிடித்துக்கொள்ள வேண்டிய கட்டுப்பாடு.

வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28-ஆம் தேதி கொரோனாவால் காலமானார். இடைத்தேர்தல் 2021 ஏப்ரல் 6 அன்று, சட்டமன்றத் தேர்தலோடு சேர்ந்தே நடந்தது. அன்று குமரி மாவட்டத்து வாக்காளர் ஒவ்வொருவரும் ஒரே சாவடியில் இரண்டு இயந்திரங்களில் பொத்தானை அழுத்தினார்: ஒன்று கோட்டைக்கு, ஒன்று டெல்லிக்கு. டெல்லிக்குச் சென்றவர் வசந்தகுமாரின் மகன் விஜய் வசந்த். 1,37,950 வாக்கு வித்தியாசம். கோட்டைக்குச் சென்ற ஆறு பேரில் நான்கு பேர் திமுக–காங்கிரஸ் அணி. நாகர்கோவிலில் பாஜக, கன்னியாகுமரியில் அதிமுக. அந்த இடைத்தேர்தலில் பாஜகவுக்கு 4,38,087 கிடைத்தது. 2024-இல் அதிமுக பிரிந்துபோய்த் தனியே நின்றபோது மீண்டும் 3,66,341. விஜய் வசந்த் 5,46,248 பெற்று இடத்தைத் தக்கவைத்தார். 2014, 2019, 2024 மூன்று பொதுத்தேர்தல்களிலும் பாஜகவின் எண்ணை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்: 3,72,906, 3,67,302, 3,66,341. மூன்று முறையும் கூட்டணி வேறு, காலம் வேறு. எண் மட்டும் அசையவில்லை.

உங்கள் தொகுதிக்கு நீங்களே செய்ய

ஒரு நோட்டை எடுத்து ஆண்டு, வென்றவர், கட்சி என்ற மூன்று கட்டங்களோடு இன்னும் நான்கைச் சேருங்கள்: இரண்டாம் இடம், இருவரின் வாக்குகள், அன்றைய கூட்டணி, அன்றைய சட்டமன்றத் தொகுதிகள். இடைத்தேர்தலுக்குத் தனி வரி ஒதுக்குங்கள். 2008-க்குப் பக்கத்தில் ஒரு தடித்த கோடு போடுங்கள். இவை பெரும்பாலும் தேர்தல் ஆணையத்தின் அறிக்கைகளிலேயே கிடைக்கும்.

அதற்குமேலும் ஆர்வம் இருந்தால் படிவம் 20 என்பதைத் தேடுங்கள். வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் தேர்தல் நடத்தும் அலுவலர் தயாரிக்கும் தாள் அது. இடப்பக்கம் வாக்குச்சாவடி எண்கள் வரிசையாக இறங்கும். மேலே வேட்பாளர் பெயர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தச் சாவடியில் அவருக்கு விழுந்த வாக்கு. தபால் வாக்குகள் அடியில் தனியாக வரும். மக்களவைத் தேர்தலானால் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் தனித்தனியாக இருக்கும். கடலோரச் சாவடியில் ஒருவருக்குக் குவிந்த வாக்கு, ரப்பர்த் தோட்டத்துப் பக்கச் சாவடியில் எப்படிப் பிரிகிறது என்பதை அதில் கண்ணால் பார்க்கலாம். ஒரு தேர்தலின் தாளை அடுத்த தேர்தலின் தாளோடு ஒப்பிடும்போது கவனம் தேவை: புதிய சாவடிகள் சேர்வதால் எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் நகரும். எண்ணை நம்பாமல், வாக்குச்சாவடிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தின் பெயரையும் தெருவின் பெயரையும் பார்த்துப் பொருத்துங்கள்.